ஆசனத்துக்குப் போரிட்ட அரசர்களும் புத்தர் பெருமானின் போதனையும்

(கல்குடாவில் நடைபெற்ற கூட்டமொன்றிலே, "புத்தர் போதித்தது என்ன?" என்னும் பொருள்பற்றிச் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



"புத்தர் போதித்தது என்ன?" என்று இந்த வட்டாரத்திலே யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் போதனையைப் பற்றிப் பேசமாட்டார்கள். அரசமரத்தடியிலே திடீரென்று தோன்றிய சிலையைப் பற்றிப் பேசுவார்கள். வயலின் நடுவே நாட்டப்பட்ட தொல்பொருள் எல்லைக்கல்லைப் பற்றிப் பேசுவார்கள். 2023 ஆம் ஆண்டிலே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் நடத்திய அறப்போராட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் கண்ணாரக் கண்டது அதுவே. சட்டம் படித்தவர்களைக் கேட்டால், 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6 ஆம் பிரிவையும், 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரையையும் எடுத்துக் காட்டுவார்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கின்றது.

ஆனால் என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரு பாடத்தை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஒருவர் பெயரால் காணி உறுதியொன்று நீதிமன்றத்துக்கு வருமானால், நாம் முதலில் பார்ப்பது கையொப்பத்தை. கையொப்பம் அவருடையதுதானா என்று தீர்மானிக்க வேண்டுமானால், அவருடைய உண்மையான கையெழுத்து எது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தர் பெயரால் இந்த நாட்டிலே எழுதப்பட்ட உறுதிகள் பல. அவற்றிலே அவர் கையொப்பம் உண்டா, இல்லையா என்று சொல்லும் தகுதி, அவர் போதனையை அறிந்தவனுக்கே உண்டு. அந்தப் போதனையை அறிமுகப்படுத்துவதே இன்றைய என் கடமை.

நமக்கு அந்நியமா?

பௌத்தம் தமிழனுக்கு அந்நியம் என்று நம்மிலும் சிலர் எண்ணுகின்றனர். மற்றவரிலும் பலர் எண்ணுகின்றனர். இரு சாராரும் சரித்திரத்தை மறந்தவர்கள்.

வைகாசித் திங்களிலே மட்டக்களப்பு நாடெங்கும் கண்ணகை அம்மன் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடுகின்றோம். அந்தக் கண்ணகியின் கணவன் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் யார்? மணிமேகலை. அவள் பௌத்தத் துறவி. அவள் வரலாற்றைச் சொல்லும் மணிமேகலை என்னும் காப்பியம் முழுமையாக ஒரு பௌத்த நூல். சிங்கள மக்கள் பத்தினி தெய்வமென்று வணங்குவதும் இதே கண்ணகியைத்தான். ஒரு வீட்டின் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இருக்கின்ற தூரமே இரண்டுக்கும் இடையில் உண்டு.

பாளி மொழியிலே புகழ்பெற்ற நூல்கள் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டவர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையிலே இருந்து நூல் செய்தவர். வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். சைவப் பேரரசனாகிய முதலாம் இராசராசன், நாகபட்டினத்திலே கடாரத்து அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே தானமாகக் கொடுத்தான். நமது கிழக்கு மாகாணத்திலே, திருகோணமலைக்கு அண்மையில் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையைப் பாருங்கள். 11 ஆம் நூற்றாண்டிலே அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்குக்கும் வழிபாட்டுக்கும் தமிழர் கொடுத்த கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுக்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. பொலன்னறுவையிலே தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் செய்த உறுதிமொழியும் தமிழிலேதான் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது.

இவற்றை நான் எடுத்துக் கூறுவது, "ஆகவே அந்தக் காணி எங்களுடையது" என்று இன்னொரு வழக்குத் தொடுப்பதற்கன்று. ஒரு மதம் ஓர் இனத்தின் தனிச்சொத்தன்று என்பதற்கு இவை சாட்சி. அவ்வளவே.

நோயும் மருந்தும்

போதனைக்கு வருவோம். சாக்கியர் குலத்திலே பிறந்த சித்தார்த்தர் 29 ஆவது வயதிலே அரண்மனையை விட்டு வெளியேறினார். 6 ஆண்டுகள் உடலை வாட்டித் தவம் செய்து, அதுவும் வழியன்று என்று கண்டு, 35 ஆவது வயதிலே கயையில் அரசமரத்தின் கீழ் உண்மையை உணர்ந்தார். அதன்பின் 45 ஆண்டுகள் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று போதித்து, 80 ஆவது வயதிலே குசிநகரிலே மறைந்தார். தாம் கடவுள் என்றோ, கடவுளின் தூதர் என்றோ அவர் கூறவில்லை. வழி கண்டவர், கண்ட வழியைக் காட்டியவர்.

காசிக்கு அருகே மான் சோலையிலே ஐந்து துறவிகளுக்கு அவர் செய்த முதற் போதனையிலே நான்கு வாய்மைகள் கூறப்படுகின்றன. நல்ல வைத்தியர் ஒருவர் நோயாளியைப் பார்ப்பது போன்ற முறை அது. நோய் உண்டா? அதற்குக் காரணம் என்ன? அது தீருமா? தீர்க்கும் வழி யாது?

முதல் வாய்மை, துன்பம் உண்டு என்பது. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு, விரும்பியவரைப் பிரிதல், வேண்டாதவரோடு கூடுதல், வேண்டியது கிடையாமை, எல்லாம் துன்பமே. கிசாகோதமி என்னும் தாய் இறந்த குழந்தையைத் தோளிலே சுமந்து வந்து மருந்து கேட்டாள். சாவே நிகழாத வீடொன்றிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் பெருமான். அவள் வீடு வீடாகச் சென்றாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நிகழாத வீடு எங்கும் இல்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் இந்தக் கரையிலே கடல் ஏறிய பின்னர், எத்தனை வாசலில் நின்று அந்தக் கடுகைக் கேட்டிருக்க முடியும்? முதல் வாய்மையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் வாய்மை, துன்பத்துக்குக் காரணம் வேட்கை என்பது. மணிமேகலையின் இறுதியிலே அறவண அடிகள் இதைப் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட சங்கிலியாக விளக்குகின்றார். பேதைமை அதன் முதற் கண்ணி. வினைப்பயன் இறுதிக் கண்ணி. நடுவே உள்ள சில கண்ணிகளை மட்டும் பார்ப்போம். நமது புலன் ஒரு பொருளைச் சேர்கின்றது, அது ஊறு. அதனால் இன்பமோ துன்பமோ தோன்றுகின்றது, அது நுகர்வு. இன்பம் மீண்டும் வேண்டுமென்று மனம் ஓடுகின்றது, அது வேட்கை. கிடைத்ததை "என்னுடையது" என்று இறுகப் பிடிக்கின்றது, அது பற்று. அயலவன் வயலைக் கண்ணாற் காண்பது குற்றமன்று. அதன் பசுமையிலே மகிழ்வதும் குற்றமன்று. அது எனக்கு வேண்டும் என்று எழுகின்ற இடத்திலே, வரம்பு ஒரு முழம் நகரத் தொடங்குகின்றது. நீதிமன்றத்திலே ஏறுகின்ற காணி வழக்குகளின் வேரை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்ட நூலும் எனக்குக் காட்டியதில்லை.

மூன்றாம் வாய்மை, காரணம் நீங்கினால் துன்பமும் நீங்கும் என்பது. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைவது போல, ஆசை, சினம், அறியாமை என்னும் மூன்று நெருப்புகளும் அணைந்த நிலையே நிருவாணம். இம்மூன்று குற்றங்களையும் மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்திலே ஒருசேரக் கூறுபவர் நம் வள்ளுவர்.

நான்காம் வாய்மை, அதற்கான வழி. உடலைக் கொழுக்க வைப்பதும் அன்று, உடலைக் கொல்வதும் அன்று. இரண்டுக்கும் நடுவான வழி. அதற்கு எட்டு உறுப்புகள்: நற்காட்சி, நற்கருத்து, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. உள்ளதை உள்ளபடி காண்பது முதலாவது. ஒருவன் எத்தனை மலர் தூவினாலும் அவன் பிழைப்பு பிறரை வருத்துவதாயின் அவன் வழியிலே இல்லை என்பதை ஐந்தாவதாகிய நல்வாழ்க்கை காட்டுகின்றது. ஆயுதம், அடிமை, புலால், மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் ஆகாது என்று பெருமான் விலக்கினார். இல்லறத்தாருக்கு அவர் வகுத்த சீலமும் ஐந்து: கொல்லாமை, கொடாததைக் கொள்ளாமை, பிழைபட்ட காமம் நீக்கல், பொய்யாமை, கள்ளுண்ணாமை. "கொடாததைக் கொள்ளாமை" என்பதை உழவர் பெருமக்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கப்படாத எதையும் எடுத்தல் ஆகாது. காணி அதற்கு விலக்கன்று.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இங்கே சைவர் இருக்கின்றீர்கள், கிறித்தவர் இருக்கின்றீர்கள், இஸ்லாமிய நண்பர்களும் இருக்கின்றீர்கள். பௌத்தமும் உங்கள் சமயமும் ஒன்றே என்று கூறி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதைப் பௌத்தம் தன் போதனைக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. அழியாத உயிர் ஒன்று உடலுக்குள்ளே இருக்கின்றது என்பதையும் அது ஏற்பதில்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்தின் கூட்டத்துக்கே "நான்" என்று பெயரிட்டிருக்கின்றோம்; அவை ஐந்தும் கணந்தோறும் மாறுகின்றன என்பது அதன் கொள்கை. நிலையாமை, துன்பம், அநான்மா என்னும் மூன்றும் எல்லாப் பொருளிலும் காணப்படும் இயல்புகள் என்று அது கூறும். மறுபிறப்பு மட்டும் உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போல, வினையின் தொடர்ச்சி செல்லும். வினை என்பதும் வெறும் செயலன்று, எண்ணமே வினை. பதி, பசு, பாசம் என்று முப்பொருள் கூறும் சைவ சித்தாந்தம் இவற்றை மறுத்து வாதிட்டது. அந்த வாதம் அறிவுலகத்தின் வாதம். எதிரியின் கொள்கையை எதிரியே பாராட்டும்படி எடுத்துரைத்துப் பின்னர் மறுத்தவர்கள் நம் முன்னோர். அறிந்து மாறுபடுவது வேறு. அறியாமல் வெறுப்பது வேறு.

கேசபுத்தம் என்னும் ஊரிலே காலாமர் என்போர் பெருமானைக் கேட்டனர்: "வருகின்ற ஒவ்வோர் ஆசிரியரும் தம் கொள்கையே மெய், மற்றவை பொய் என்கின்றனர், யாரை நம்புவது?" வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, ஊர் பேசுகின்றது என்பதற்காகவோ, நூலிலே எழுதியிருக்கின்றது என்பதற்காகவோ, சொன்னவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்கவேண்டாம் என்றார். ஆசையாலும் சினத்தாலும் மயக்கத்தாலும் எழுந்து தீமையிலே கொண்டுபோய் விடுவது எது, நன்மையிலே கொண்டுபோய் விடுவது எது என்று நீங்களே சோதித்து, அறிஞர் பழிப்பதை விட்டு, புகழ்வதைக் கைக்கொள்ளுங்கள் என்றார். கேள்விச் சாட்சியத்தை நீதிமன்றம் எளிதிலே ஏற்பதில்லை என்பதைச் சட்ட மாணவர் இன்று படிக்கின்றனர். சமயத் துறையிலே அந்த விதியைச் சொன்னவர், தம் வாக்கும் அதற்கு விலக்கன்று என்று கருதியவர் புத்தர்.

மணிமேகலையும் அப்படியே செய்தாள். வஞ்சி மாநகரிலே பல சமயத்தாரின் வாதங்களை முழுமையாகக் கேட்ட பின்னரே காஞ்சியிலே பௌத்த தருமம் கேட்டாள்.

ஆசனமும் ஆறும்

அன்பர்களே, இரண்டு வழக்குகளை உங்கள் முன் வைக்கின்றேன். முதலாவது வழக்கு, மணிபல்லவத்து வழக்கு. மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே தீவிலே இன்று நிற்கின்றன. அங்கே மணிகள் பதித்த ஆசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர் போரிட்டனர் என்று தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை கூறுகின்றது. பாளி நூலாகிய மகாவமிசமும் அதையே கூறுகின்றது. அவர்கள் மாமனும் மருமகனும் என்றும் கூறுகின்றது. தமிழ் நூலும் பாளி நூலும் ஒன்றுபட்டுச் சாட்சி சொல்வது அருமை, இங்கே சொல்லுகின்றன. இருவருக்கும் ஆசனத்தைத் தூக்க முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. "எனது" என்பதே இருவருடைய முறைப்பாடும். பெருமான் வந்து, அவர்கள் நடுவே அந்த ஆசனத்திலே அமர்ந்து அறம் உரைத்தார், போர் நின்றது. பின்னர் அவர் அந்த ஆசனத்தை எடுத்துச் சென்றாரா? இல்லை. வணங்குவதற்கென்று நாகரிடமே விட்டுச் சென்றார் என்று மகாவமிசம் கூறுகின்றது. காவல் போடவில்லை; எல்லைக்கல் நாட்டவில்லை.

இரண்டாவது வழக்கு, ரோகிணி ஆற்று வழக்கு. தந்தைவழிச் சுற்றத்தாராகிய சாக்கியரும் தாய்வழிச் சுற்றத்தாராகிய கோலியரும் அந்த ஆற்றின் இரு கரையிலும் வேளாண்மை செய்தனர். ஓராண்டிலே தண்ணீர் வற்றியது. இருக்கின்ற நீர் ஒரு கரைப் பயிருக்கே போதும் என்ற நிலை. சிறுபோகத்திலே குளத்து நீர் குறையும்போது வட்டவிதானையார் படும் பாட்டை அறிந்த உங்களுக்கு மேலே நடந்தது விளங்கும். வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று, ஒருவர் குலத்தை ஒருவர் இழித்துப் பேசினர், இரு கரையிலும் படை திரண்டது. பெருமான் நடுவே வந்து ஒரே கேள்வி கேட்டார். தண்ணீரின் விலை என்ன, மனிதரின் விலை என்ன? தண்ணீருக்கு விலை சொற்பம், மனிதருக்கு விலையே இல்லை என்றனர். விலையற்றதை விலைகுறைந்ததற்காகச் சிந்துவது தகுமா என்றார். இரு படையும் தலைகுனிந்தன. தம் சுற்றத்தார் பக்கம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடத்திலே, அவர் இரு சுற்றத்தாருக்கும் நடுவே நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

இவை இரண்டுமே அவர் கையெழுத்து. இனி நம்மிடம் காட்டப்படும் உறுதிகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1956 ஆம் ஆண்டின் இரு முகங்கள்

1956 ஆம் ஆண்டு புத்த ஜயந்தி ஆண்டு. பெருமான் மறைந்து 2500 ஆண்டு நிறைந்தது என்று உலகமெங்கும் கொண்டாடினர். அதே ஆண்டு ஜூன் மாதத்திலே கொழும்பு நாடாளுமன்றம் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள், நாகபுரியிலே, இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவராய் இருந்த சட்ட மேதை அம்பேத்கர், சாதிக் கொடுமையால் நசுக்கப்பட்ட இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தைத் தழுவினார். ஒரே ஆண்டு, ஒரே பெருமானின் பெயர். ஓரிடத்திலே ஒரு மக்களின் மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்திய ஆட்சி. இன்னோரிடத்திலே, கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்குத் திறந்த வாசல்.

2020 ஆம் ஆண்டிலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, முதலில் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களிலே தமிழர் ஒருவரும் இல்லை. முஸ்லிம் ஒருவரும் இல்லை. ரோகிணி ஆற்றிலே நடுவே நின்றவரின் மரபுரிமையைத் தேடப் புறப்பட்டவர்கள், நடுவே நிற்கவில்லை. இதைச் சொல்லுகின்ற உரிமை நமக்கு உண்டு. பௌத்தத்தைப் பழித்து இதைச் சொல்லவேண்டியதில்லை. பௌத்தத்தைக் கொண்டே சொல்லலாம். அதுவே வலிமையான வாதமும் ஆகும். எதிர்த்தரப்பின் ஆவணத்தைக் கொண்டே வழக்கை நிறுவுவதைவிடச் சிறந்த வாதம் வேறில்லை.

நம் கணக்கு

ஆனால் அளவுகோல் ஒன்றென்றால், அதை நம்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாக்கிய இளவரசர் சிலர் துறவு வேண்டி வந்தபோது, அவர்களோடு வந்த உபாலி என்னும் நாவிதனும் துறவு வேண்டினான். "எங்கள் செருக்கு அடங்கும்படி உபாலிக்கு முதலிலே துறவு கொடுங்கள், நாங்கள் அவனை வணங்க வேண்டும்" என்று இளவரசரே கேட்டுக்கொண்டனர். அப்படியே ஆயிற்று. பெருமான் மறைந்தபின் இராசகிருகத்திலே கூடிய முதற் சங்கத்திலே, விநயம் என்னும் ஒழுக்கச் சட்டம் முழுவதையும் எடுத்துரைத்தவர் அந்த உபாலியே. நாவிதர் ஒருவர் சட்ட முதல்வரானார்.

நமது ஊரிலே? ஆலய வாசலிலும் கிணற்றடியிலும் குடியையும் சாதியையும் கேட்டவர்கள் நாம். தமிழகத்திலே அயோத்திதாசப் பண்டிதர் 1898 ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் பெற்றுச் சென்றதும், 1907 முதல் தமிழிலே வார இதழ் நடத்தியதும் இந்த இழிவை எதிர்த்தே. மேல்சாதியார் எனப்படுவோரிடம் நாம் பிடுங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்கவில்லை அவர்; மனிதனுக்கு மனிதன் என்ற இடத்தைக் கேட்டார். நம் வரம்புக்குள்ளே ஒருவனை ஒதுக்கி வைத்துக்கொண்டு, நம்மை ஒதுக்குகின்றான் என்று அயலவனைக் குறைகூறுவோமானால், நமது வழக்கு முதல் விசாரணையிலேயே தள்ளுபடியாகும்.

அந்த 1898 ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டார். அவர் பௌத்தரல்லர். ஆயினும் நூலுக்குப் பொருள் காண வேண்டுமென்று பௌத்தத்தைத் தேடிக் கற்றார். நாம் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அதுவே. மதம் மாறுங்கள் என்று நான் கூறவில்லை; கற்றுக்கொள்ளுங்கள் என்கின்றேன்.

மணிமேகலை கையிலே இருந்த அமுதசுரபி வைகாசி விசாகத்திலே, பெருமான் பிறந்த நாளிலே தோன்றுவது என்று காப்பியம் கூறுகின்றது. அந்தப் பாத்திரத்தை ஏந்தி அவள் யாரிடம் சென்றாள்? பசித்தவரிடம் சென்றாள். என்ன மொழி, என்ன குலம் என்று கேட்கவில்லை. அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, தனக்கென்று ஓரடி நிலமும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டாள். அவனும் கொடுத்தான்.

வாசகசாலை உள்ள ஒவ்வோர் ஊரிலும் மணிமேகலையை எடுத்துப் படியுங்கள். இளைஞர்களுக்குப் படித்துப் பொருள் சொல்லுங்கள். வெசாக் நாளிலே வீதியோரத்துத் தன்சலிலே சிங்களச் சகோதரர் ஒருவர் உணவு நீட்டினால், முகம் திருப்பாதீர்கள். அது அமுதசுரபியின் மரபு. அதே சகோதரரின் பெயரால் உங்கள் வயலிலே கல் நாட்டப்படுமானால், அஞ்சாதீர்கள். கொடாததைக் கொள்ளாமை என்ற சீலத்தை அவருக்கு எடுத்துக் கூறுங்கள். சட்டம் தரும் எல்லா வழியாலும் அறவழியிலே எதிர்த்து நில்லுங்கள். இரண்டையும் ஒரே மனத்தோடு செய்ய முடியும். போதனையை அறிந்தவனால் முடியும். அறியாதவன் ஒன்றிலே அடிமையாவான், மற்றதிலே வெறியனாவான்.